லாயமும் களஞ்சியமும்

சிதம்பரத்துக்குக் கிழக்கே எங்கள் பாட்டி வீட்டில், வீட்டைவிட மாட்டுக் கொட்டகைதான் பெரியது. பனஞ்சட்டம், மூங்கில், கீற்று. அவ்வளவுதான் அதன் கட்டடக் கலை. கீற்றை மாற்ற மறந்தால் மழை உள்ளே வந்து ஞாபகப்படுத்தும். அங்கே உட்கார்ந்துதான் பாட்டி எனக்குத் தேசிங்குராஜன் கதையைச் சொன்னாள். அடங்காத குதிரையை அவன் அடக்கினான் என்பது சரி. ஆனால் கதையில் ஒரு மாடுகூட வராதது எனக்குக் குறையாக இருந்தது.

ஆகையால் செஞ்சிக்குப் போனபோது, ராஜாவின் சிம்மாசனத்தைத் தேடாமல் குதிரை கட்டிய இடத்தைத் தேடினேன்.

கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது செஞ்சி. இப்போது விழுப்புரம் மாவட்டம். ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் பக்கத்தில், வளைவு வாசல்களோடு அறைகள் வரிசையாக நிற்கின்றன. குதிரை லாயம் என்று காட்டுகிறார்கள். வளைவு தன் பாரத்தை இருபுறச் சுவருக்கும் இறக்கிவிடுகிறது. ஆகவே உத்தரம் வேண்டாம், கீற்று வேண்டாம். கரையானுக்கும் நெருப்புக்கும் அங்கே வேலையில்லை. நீர் காட்ட ஆனைக்குளம் அருகிலேயே இருக்கிறது. அடிவாரத்திலேயே தடித்த சுவர்களும் வளைந்த கூரையுமாகப் பெரிய களஞ்சியம்.

லாயத்தைப் பார்த்தவர்கள் களஞ்சியத்தையும் பார்க்கத்தான் வேண்டும். மாடு உழுதுவிட்டு வைக்கோல் தின்னும். போர்க்குதிரை உழாமலே கொள்ளு தின்னும். நல்ல குதிரைகள் இங்கே கடல் வழியாக வந்தன. பாண்டியர் காலத்தில் வந்த மார்க்கோ போலோ, வளர்க்கத் தெரியாமல் அவற்றை ஆண்டுதோறும் சாகவிடுகிறார்களே என்று எழுதி வைத்தான். அத்தனைக்கும் விலை கொடுத்தது வயல்தான்.

சிவாஜி 1677-இல் செஞ்சியைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராமை 1690-இல் மொகலாயப் படை அங்கே வளைத்துக்கொண்டது. கோட்டை விழ 1698 ஆயிற்று. அதே 1690-இல்தான் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பீரங்கியைச் சுட்டார்கள், குண்டு விழுந்த தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம் என்பது பேச்சு. அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். அங்கே அன்று காலை ஏர் பூட்டியவனை யாராவது கேட்டிருப்பார்களா? அவன் உழுத நிலத்துக்கு மாலையில் வேறு எஜமானன்.

1714-இல் ஆற்காட்டு நவாபோடு போரிட்டு மாண்டான் தேசிங்கு. அவன் குதிரைக்கும் பாட்டில் இடம் கிடைத்தது. கோட்டையை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கொள்ளு விளைவித்தவன் பெயர் எதிலும் இல்லை. பாட்டியின் கொட்டகையும் இப்போது இல்லை; கீற்றுக்கு ஏது சரித்திரம்?

"கதையில ஏன் பாட்டி மாடே வரலை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

தவிட்டைக் கழுநீரில் கரைத்துக்கொண்டே பாட்டி சொன்னாள்:

"அது ஏருக்குப் போயிருக்கும்டா."