விதைக்கும் முளைக்கும் நடுவே

மாவும் புளியும் வேம்பும் தம் தாவரவியல் பெயரில் 'இண்டிகா' என்னும் அடைமொழியைத் தாங்கி நிற்பவை. அந்த வரிசையில் யாரும் பெருமையுடன் சொல்லிக்கொள்ளாத பெயர் ஒன்றும் உண்டு: கன்னாபிஸ் இண்டிகா. தமிழில் கஞ்சா.

இந்தப் பெயருக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. குயிலாப்பாளையத்துச் செம்மண் மேட்டிலிருந்து தெற்கே நடந்தால் சில மணி நேரத்தில் புதுச்சேரியை அடைந்துவிடலாம். இடையில் ஓர் அரசியல் எல்லை இருந்தது. இப்பக்கம் தென்னாற்காடு, ஆங்கிலேயர் ஆட்சி, அப்பக்கம் பிரெஞ்சுக்காரர். 1774இல் இந்தியாவுக்கு வந்து, பிற்காலத்தில் புதுச்சேரியிலேயே நெடுங்காலம் தங்கிய இயற்கையியலாளர் பியர் சொன்னெரா. இந்தியப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1782இல் பாரிசில் வெளிவந்தது. இங்கிருந்து அவர் கொண்டுசேர்த்த உலர் மாதிரிகளில் ஒரு கஞ்சாச் செடியும் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் லமார்க் 1785இல், இது ஐரோப்பியர் நார் உரிக்கும் செடியன்று, வேறோர் இனம் என்று முடிவுகட்டினார். தண்டு கெட்டி, பட்டை மெல்லியது, நாருக்கு உதவாது. ஆனால் மயக்கம் தரவல்லது. லின்னேயஸ் 1753இல் ஒரே இனமாக வைத்திருந்ததை லமார்க் இரண்டாக்கி, இரண்டாவதற்கு நம் நாட்டின் பெயரைச் சூட்டினார்.

இன்று உலகச் சந்தையில் 'இண்டிகா' என்ற பெயரில் விற்கப்படும் விதை, பெரும்பாலும் இந்துகுஷ் மலைப்பகுதியின் குட்டையான, அகன்ற இலைச் செடியின் வழிவந்தது. லமார்க் கண்ட மெல்லிலைச் செடி அதுவன்று. பெயர் ஓரிடத்தில் பிறந்து, பொருள் வேறிடத்துக்குப் போய்விட்டது. அச்செடியின் வரலாறு முழுவதும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

*

சொன்னெராவுக்கு முன்பே ஐரோப்பியர் இதைக் கண்டிருந்தனர். கோவாவில் வாழ்ந்த போர்ச்சுக்கீசிய மருத்துவர் கார்சியா டா ஓர்ட்டா 1563இல் பாங்கு பற்றி எழுதினார். கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' நூலின் பத்தாம் தொகுதியில் (1690) கஞ்சாவு என்ற சொல்லை ஏற்றே இரு படங்கள் தனித்தனிப் பெயருடன் உள்ளன. ஆண் செடி, பெண் செடி என்ற வேறுபாட்டை மலையாள நாட்டு வைத்தியர் அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்று.

நம் சித்த மருத்துவ மரபு இச்செடியைக் கோரக்கர் மூலி என்று ஒரு சித்தரின் பெயரிலேயே வழங்கியது. சிவமூலி என்பதும் உண்டு. மூலி என்ற சொல் முக்கியமானது. அது போதைப் பொருளுக்கான சொல் அன்று, மருந்துக்கான சொல். சுத்தி செய்யாமல் பயன்படுத்தக்கூடாது, அளவு மீறக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

பழைய ஆவணங்களைத் தமிழாக்குவோர் கவனிக்கவேண்டிய சிக்கல் ஒன்றையும் இங்கே சுட்டவேண்டும். ஆங்கிலத்தின் 'ஹெம்ப்' என்ற சொல்லைச் சணல் என்றே பெயர்த்துவிடுகிறோம். நம் வயல்களில் பசுந்தாள் உரமாக மடக்கி உழப்படும் சணப்பு முற்றிலும் வேறு குடும்பம். கோணிப்பைக்கான சணல் மற்றொன்று. இந்தக் குழப்பத்தால் குடியேற்றக் காலக் கஞ்சா வரலாற்றின் ஒரு பகுதி தமிழ் வாசகனுக்குச் சணல் சாகுபடியாகவே தென்பட்டுவிடுகிறது.

*

1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கெய்ன் என்ற உறுப்பினர் ஒரு கேள்வி எழுப்பினார். கஞ்சாச் சாகுபடியையும் வணிகத்தையும் அதன் விளைவுகளையும் விசாரிக்க ஓர் ஆணைக்குழு அமைக்கப்படுமா? மதுவிலக்கு இயக்கத்தவரான அவர் கேட்டது வங்காளத்தைப் பற்றி. இந்திய அரசோ பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமாக ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. மாக்வர்த் யங் தலைவர். உறுப்பினருள் மூவர் இந்தியர். ஓராண்டுக்குள் 1,193 சாட்சிகளிடம் கருத்துக் கேட்டு, 1894 ஆகஸ்டில் பல தொகுதிகள் கொண்ட அறிக்கையை அளித்தது. வடமொழி, இந்தி இலக்கியங்களில் இச்செடி பற்றிய குறிப்புகளைத் திரட்டித் தந்தவர் மொழியியலாளர் கிரியர்சன் என்பது நமக்குச் சுவையான செய்தி.

அறிக்கையில் மிகவும் வலுவான பகுதி மருத்துவமனைப் பதிவேடுகளை அவர்கள் திரும்பப் படித்த விதம். 1892இல் அனுமதிக்கப்பட்ட 1,344 பேரில் 222 பேரின் நோய்க்குக் கஞ்சாவே காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றையும் ஊர்வரை போய் விசாரித்தபோது, பிற காரணங்கள் கலந்தவற்றையும் சேர்த்து 98 மட்டுமே தேறின. நோயாளியை அழைத்துவந்த காவலர் ஏதாவது ஒரு காரணம் சொல்லவேண்டும். படிவத்தில் அதற்கொரு கட்டம் இருந்தது. 'கஞ்சா' என்று எழுதிவிட்டார்கள். படிவத்தின் வெற்றிடம் ஒரு மருத்துவ உண்மையாக உருமாறியதை அந்த அதிகாரிகளே கண்டறிந்து ஒப்புக்கொண்டனர்.

அளவோடு பயன்படுத்துவதே பெரும்பாலோர் வழக்கம், அதனால் பெருந்தீங்கு இல்லை. மிகுதியாகப் பயன்படுத்துவது தீங்கு, ஆனால் அது விதிவிலக்கு என்பது குழுவின் முடிவு. தடை வேண்டாம், கட்டுப்பாடு போதும் என்றனர். இந்திய உறுப்பினர் இருவர் இதனின்று மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மேலை அதிகாரி மென்மையாகவும் உள்நாட்டுக் கனவான் கடுமையாகவும் இருந்த இந்த முரண், பின்னாளைய நம் மதுவிலக்கு அரசியலின் முன்னறிவிப்புப் போலத் தோன்றுகிறது.

கட்டுப்பாடு என்றால் என்ன? உரிமம் பெற்ற இடங்களில் மட்டும் சாகுபடி, அரசுக் கிடங்கு, தீர்வை. வங்காளத்தில் ராஜசாகி மாவட்டத்து நவ்காவ் வட்டாரத்தில் அந்த முறை முன்பே வேரூன்றியிருந்தது. அங்கே போத்தார் என்று ஒரு தொழிலாளி உண்டு. கஞ்சா வைத்தியர் என்றும் சொல்வர். வயலில் நடந்து ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்குவது அவர் வேலை. மகரந்தம் சேராத பெண் பூ விதை வைக்காது, பிசின் மிகும். சென்னை மாகாணத்திலோ கிருஷ்ணா மாவட்டத்திலும் ஜவ்வாது மலையிலும் சாகுபடி இருந்தது. மற்றபடி ஆங்காங்கே வீட்டுக் கொல்லையில் ஓரிரு செடிகள். இந்தக் கொல்லைச் செடிதான் முதல் பலி. தீர்வை கட்டாத செடி அரசுக்கு இழப்பு. எனவே வீட்டில் வளர்ப்பதைத் தடுக்கவேண்டும் என்பதில் மென்மையான அக்குழுவும் கண்டிப்பாகவே இருந்தது. வீட்டில் முளைப்பதைக் குற்றமாக்கியதன் தொடக்கம் ஒழுக்கவியல் அன்று, கஜானா.

*

அதன்பின் வரலாறு வேகமாக நகர்கிறது. 1925இல் ஜெனீவா அபினி மாநாட்டு ஒப்பந்தத்தில் எகிப்தின் வற்புறுத்தலால் கஞ்சாவும் சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் கஞ்சாவையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் பரவியது. அப்போதும் புதுச்சேரி பிரெஞ்சு மண். 1954 நவம்பரில்தான் கைமாறியது. ஆறு ஆண்டுகள் குயிலாப்பாளையத்துக்காரருக்கு நடை தூரத்தில் வேறொரு சட்டம் இருந்தது.

1961இன் ஐ.நா. ஒப்பந்தம், மருத்துவமல்லாத கஞ்சாப் பயன்பாட்டை இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நிறுத்த வகைசெய்தது. அந்தக் கெடுவை ஒட்டி இந்தியா 1985இல் என்.டி.பி.எஸ். சட்டத்தை இயற்றியது, நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. 1894ஆம் ஆண்டுக் குழு கவனமாக வரைந்த வேறுபாடுகளில் ஒன்றுதான் தப்பியது: பூந்தலைகளோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா.

*

இனி அலமாரிக்கு வருவோம். வெயிலில், வேலியோரத்தில் வளர்ந்த செடி மின்விளக்கு எரியும் மூடிய அலமாரிக்குள் எப்படிப் போனது?

அறிவியல் அடித்தளம் பிரான்சில் இடப்பட்டது. ஜூலியன் டூர்னுவா என்ற இளம் ஆய்வாளர் 1910க்குப் பிறகு கஞ்சாவின் ஐரோப்பிய வகையையும் அதன் உறவுச் செடியான ஹாப்பையும் கண்ணாடி மனையில் வளர்த்தார். குளிர்காலத்தில் விதைத்தவை சிறு செடியாக இருக்கும்போதே பூத்துவிட்டன. வெப்பமோ உரமோ காரணமன்று; பகலின் குறுக்கமும் இரவின் நீளமுமே காரணம் என்று கண்டார். முதல் உலகப்போர் 1914இல் அவர் உயிரைக் கொண்டுபோனது. அமெரிக்கர் கார்னரும் அல்லார்டும் 1920இல் புகையிலை, சோயா ஆகியவற்றின்மீது செய்த ஆய்வால் அந்த உண்மையை நிலைநாட்டினர். பகல்நீளம் செடியின் பூப்பை ஆளும் என்ற தாவரவியல் பேருண்மை முதலில் வெளிப்பட்ட செடிகளில் கஞ்சாவும் ஒன்று.

நம் கடற்கரையில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ பதினொன்றே கால் மணிக்கும் பதின்மூன்று மணிக்கும் இடையிலேயே ஊசலாடுகிறது. வட ஐரோப்பாவில் அது பல மணி நேரம் கூடிக் குறைவது. அங்கே வெப்பநாட்டு விதை முளைக்கும், வளரும், ஆனால் பூக்கும் முன் பனி வந்துவிடும். கதவை மூடி, விளக்கை அணைத்து, செயற்கையாக ஒரு தென்னிந்திய இரவை உண்டாக்கினால் பூக்கும். அலமாரியின் தத்துவம் இவ்வளவே. அதற்குள் இருப்பது பெட்டியில் அடைத்த வெப்பமண்டலம்.

தேவையை உண்டாக்கியது சட்டம். 1983 முதல் கலிபோர்னியாவின் மலைகளில் ஹெலிகாப்டர்கள் தோட்டங்களைத் தேடின. வளர்ப்பவர்கள் கூரைக்கடியில் ஒதுங்கினர். 1989இல் விளக்குகளும் உள்ளறைத் தோட்டக் கருவிகளும் விற்ற கடைகளை அமெரிக்கக் கூட்டாட்சி அரசு சோதனையிட்டது. இருப்பினும் கலை பரவியது. 1976இல் சட்டத்தைத் தளர்த்திய நெதர்லாந்து விதை வணிகத்தின் மையமாயிற்று. ஆப்கானிஸ்தான், கேரளம் என்று அலைந்த பயணிகள் கொண்டுசென்ற விதைகள் அங்கே கலப்பினமாயின. நவ்காவ் போத்தாரின் கைவேலை புதிய பெயருடன் நூல்களில் ஏறியது. ஒளிந்த இடம் சிறிது, மின்கட்டணம் பெரிது; ஆகவே கொஞ்ச இடத்தில் மிகுந்த வீரியம் என்பதே இனவிருத்தியின் குறிக்கோளாயிற்று. 1894இல் ஆராயப்பட்ட பொருளைவிட இன்று அலமாரியில் விளைவது பன்மடங்கு கடுமையானது. 'அளவோடு பயன்படுத்தினால் தீங்கில்லை' என்ற பழைய வாக்கியத்தை இதற்குப் பொருத்துவது பிழை. வளரும் வயதினரின் மூளைக்கும் மனநலத்துக்கும் இது ஊறு செய்யும் என்பதில் மருத்துவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். கல்லூரியில் பணிபுரியும் எவரும் இதை நூல்களில் படித்தறிய வேண்டியதில்லை.

இப்போது அந்த அலமாரி இந்தியாவுக்குத் திரும்பியிருக்கிறது. பெங்களூர் போன்ற நகரங்களில் அடுக்ககத்தின் உள்ளே விளக்குப் போட்டு வளர்த்ததாகக் கைதுச் செய்திகள் வருகின்றன. வெயில் கொளுத்தும் நாட்டில் செடிக்கு விளக்கு! இங்கே செடிக்கு வேண்டியது ஒளியல்ல, மறைவு.

*

சட்டத்தின் நூதனமான கணக்கு ஒன்றோடு முடிக்கலாம். விதை கஞ்சா அன்று. 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இச்செடியின் விதையையும் விதை எண்ணெயையும் உணவாகவே விற்க விதிமுறை வகுத்தது. ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் அது 'சிறு அளவு'. தண்டனை ஓராண்டு வரை. ஆனால் செடி வளர்ப்புக்குச் சிறு அளவு என்பதே கிடையாது. ஒரு செடியாயினும் பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். விலைக்கு வாங்கி ஒரு கடத்தல் சங்கிலியைப் போஷிப்பவனைவிட, தொட்டியில் ஒன்றை முளைக்கவிட்டவன் பெரிய குற்றவாளி. ஒரு விதை முளைத்துச் செடியாகும் சில நாட்களுக்குள் சட்டம் பத்தாண்டுகளை வைத்திருக்கிறது.

2004இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மண்ணில் கிடந்த விதை தானாகவும் முளைக்கலாம், ஒருவர் பயிரிட்டார் என்பதை அரசுத் தரப்பு நிறுவவேண்டும் என்று கூறி, குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தது. ஓர் உழவனின் வேலியோரத்துக்கு அந்த நியாயம் போதும். அலமாரிக்கு அது பொருந்தாது. அங்கே எதுவும் தானாக முளைப்பதில்லை. விளக்கும் விசிறியும் நேரங்காட்டியுமே வாக்குமூலம்.

கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி. ஜெர்மனியில் 2024 முதல் வயதுவந்தோர் ஒருவருக்கு மூன்று. டொராண்டோவிலும் ஜெர்மன் நகரங்களிலும் வாழும் ஈழத் தமிழர் பலருக்கு, அண்டைவீட்டுச் சன்னலில் தெரியும் அந்தச் செடி சாதாரணக் காட்சி. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது, 27க்கு 25 என்ற நூலிழை வாக்கெடுப்பில் இந்தியாவும் நீக்கத்தை ஆதரித்தது. வெளியே நாம் ஏற்றுக்கொண்ட அந்த மறுமதிப்பீடு உள்நாட்டு விவாதமாக இன்னும் மாறவில்லை.

தளர்த்தவேண்டும் என்று நான் வாதிடவில்லை. இளைஞர் அலமாரி கட்டட்டும் என்பதும் என் கட்சியன்று. 1894இல் ஓர் அந்நிய ஆட்சி, தன் கஜானாவின் கண்ணோடுதான் என்றாலும், தடை செய்யுமுன் ஊர் ஊராகப் போய்க் கேட்டது. தன் பதிவேடுகளையே சந்தேகித்தது. சுதந்திர நாடு தன் சட்டத்தை எழுதியபோது அந்த அளவுக்கேனும் கேட்டிருக்கலாம். நம் பெயரைத் தாங்கிய செடி அது. அதைப் பற்றிய தீர்ப்பையாவது நாமே விசாரித்து எழுதியிருக்கவேண்டும்.