மூர்மன்ஸ்க்

மூர்மன்ஸ்க், ரஷ்யாவின் வடமேற்கு மூலையில், கோலா தீபகற்பத்தில் உள்ள துறைமுக நகரம். மூர்மன்ஸ்க் மாகாணத்தின் தலைநகர். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உலகில் இதைவிடப் பெரிய நகரம் இல்லை. 2021 கணக்கெடுப்பின்படி இங்கே ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். பாரன்ட்ஸ் கடலிலிருந்து நிலத்துக்குள் நெடுக நுழையும் கோலா விரிகுடாவின் கிழக்குக் கரையில், திறந்த கடலிலிருந்து சுமார் 50 கி.மீ. உள்ளே, பாறைக் குன்றுகளின் சரிவை ஒட்டி நகரம் நீண்டு கிடக்கிறது. ‘மூர்மன்’ என்பது இக்கடற்கரையின் பழம்பெயர். ‘நார்மன்’, அதாவது நார்வேக்காரர், என்ற சொல்லின் திரிபு அது என்பர்.

இந்நகரைப் பற்றிய எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: இங்கே கடல் உறைவதில்லை. அட்லான்டிக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டத்தின் ஒரு கிளை நார்வேயின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு பாரன்ட்ஸ் கடலுக்குள் நுழைகிறது. அதன் வெம்மை கடுங்குளிர்காலத்திலும் துறைமுகத்தைத் திறந்தே வைத்திருக்கிறது. இதற்குத் தெற்கே சில நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகமோ ஆண்டின் பல மாதங்கள் பனிக்கட்டிக்குள் சிக்கிக் கிடக்கும்.

தோற்றம்

விரிகுடாவின் தென்கோடியில் கோலா என்ற சிற்றூர் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. கிரிமியப் போரின்போது, 1854இல், ஒரு பிரித்தானியப் போர்க்கப்பல் அதைக் குண்டுவீசி எரித்தது. அதன் பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேல் இக்கரையில் பெருந்துறைமுகம் கட்ட அரசு முனையவில்லை. முதல் உலகப் போர்தான் அந்தக் கட்டாயத்தைக் கொண்டுவந்தது. பால்டிக் கடலை ஜெர்மனி அடைத்தது. கருங்கடலின் வாசலைத் துருக்கி மூடியது. நேச நாடுகளின் தளவாடங்கள் வந்திறங்க, உறையாத ஒரு துறையும் அங்கிருந்து நாட்டின் உள்ளே செல்ல ஒரு ரயில்பாதையும் வேண்டியிருந்தன.

பெட்ரோசவோட்ஸ்கிலிருந்து விரிகுடா வரை சுமார் 1,050 கி.மீ. பாதை, சதுப்பும் பாறையும் நிறைந்த நிலத்தில், 1915, 1916 ஆகிய இரண்டே ஆண்டுகளில் போடப்பட்டது. அதைப் போட்டவர்களில் பல்லாயிரவர் ஆஸ்திரிய-ஹங்கேரிய, ஜெர்மானியப் போர்க்கைதிகள். குளிராலும் ஸ்கர்வி, டைஃபஸ் நோய்களாலும் அவர்களில் ஏராளமானோர் மாண்டனர். நகரின் பிறப்பைச் சொல்லும்போது அவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது. 1916 அக்டோபர் 4 அன்று, அரச குடும்பத்தின் பெயரால் ‘ரோமனோவ்-நா-மூர்மனே’ என்று நகரம் முறைப்படி நிறுவப்பட்டது. ஜார் ஆட்சியில் பிறந்த கடைசி நகரம் இதுவே. 1917 ஏப்ரலில், ஜார் முடிதுறந்த சில வாரங்களில், பெயர் மூர்மன்ஸ்க் என மாறியது. புரட்சியை அடுத்து மூண்ட உள்நாட்டுப் போரின்போது, 1918இல், பிரித்தானியப் படைகளும் அவற்றைத் தொடர்ந்து பிற நேச நாட்டுப் படைகளும் இங்கே இறங்கின. 1920இல் நகரம் சோவியத் ஆட்சியின் கீழ் வந்தது. 1938இல் தனி மாகாணத்தின் தலைநகரானது.

மீனும் ஆய்வும்

சோவியத் காலத்தில் நகரை வளர்த்தது மீன். பாரன்ட்ஸ் கடலின் காட் மீனைத் தேடிச் செல்லும் இழுவலைக் கப்பல்களுக்கு இதுவே தாய்த்துறை. 1960களில் பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து இக்கடலில் விடப்பட்ட காம்சட்கா நண்டு பல்கிப் பெருகி, நார்வேக் கரை வரை பரவிவிட்டது.

மீன்வளத்தோடு கடலாய்வும் வளர்ந்தது. 1921இல் லெனின் கையெழுத்திட்ட ஆணையால் பிறந்த மிதக்கும் கடலாய்வுக் கழகத்தின் வழிவந்தது, இன்று கடலியலாளர் நிக்கோலாய் க்னிப்போவிச் பெயரைத் தாங்கும் துருவ மீன்வள ஆய்வு நிறுவனம். க்னிப்போவிச்சின் காலத்தில், 1900இல், 33°30′ கிழக்குத் தீர்க்கரேகை நெடுகக் கடலின் வெப்பநிலையை அளக்கும் பணி தொடங்கியது. போரும் புரட்சியும் சில ஆண்டுகளை விழுங்கியபோதும் அந்த அளவீடு கைவிடப்படவில்லை. உலகின் மிக நீண்ட கடல் வெப்பநிலைப் பதிவுகளில் அதுவும் ஒன்று. தன்னை வாழவைக்கும் நீரோட்டத்தின் நாடியை இந்நகரம் இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துப் பார்த்துவருகிறது. இதன் நிறுவனங்களில் என் மதிப்பில் முதலிடம் இந்த ஆய்வகத்துக்கே.

போர்

இரண்டாம் உலகப் போரில், 1941 ஜூன் இறுதியில் ஜெனரல் டீட்லின் ஜெர்மானிய மலைப்படை பின்லாந்தின் பெட்சாமோ பகுதியிலிருந்து மூர்மன்ஸ்கை நோக்கிப் புறப்பட்டது. சபாட்னயா லித்சா ஆற்றங்கரையில் அது தடுத்து நிறுத்தப்பட்டது. 1944 அக்டோபர் வரை அந்தப் போர்முனையைத் தாண்டி நகரை நெருங்கவே முடியவில்லை. ஆனால் வானிலிருந்து தாக்க முடிந்தது. 1942 ஜூன் 18 அன்று பொழிந்த தீக்குண்டுகளில், மரவீடுகளாலான நகரின் பெரும்பகுதி ஒரே நாளில் எரிந்தது. அந்த நிலையிலும் துறைமுகம் இயங்கியது. பிரித்தானிய, அமெரிக்கச் சரக்குக் கப்பல்கள் போர்க்கப்பல்களின் காவலோடு அணியணியாக வந்து டாங்கிகளையும் விமானங்களையும் உணவையும் இறக்கின. வரும் வழியில் நீர்மூழ்கிகளிடமும் விமானங்களிடமும் சிக்கி மூழ்கியவை பல.

1985இல் நகருக்குச் சோவியத் அரசின் ‘வீர நகரம்’ என்ற பட்டம் கிடைத்தது. அதற்கு முன்பே, 1974இல், குன்றின் மேல் பீடத்தோடு 42 மீட்டருக்குமேல் உயரமான படைவீரர் சிலை எழுந்தது. ஊரார் அதைச் செல்லமாக ‘அல்யோஷா’ என்கின்றனர். அது பார்ப்பது மேற்கே, போர் நடந்த பள்ளத்தாக்கை. சற்றுத் தள்ளி, அமைதிக்காலத்தில் கடலில் மாண்டவர்களுக்கான கலங்கரை விளக்கமும், 2000இல் 118 பேருடன் மூழ்கிய ‘கூர்ஸ்க்’ நீர்மூழ்கியின் ஒரு பகுதியும் நினைவுச் சின்னங்களாக உள்ளன.

அணு பனியுடைப்புக் கப்பல்கள்

இத்துறைக்குக் கிழக்கே, சைபீரியக் கரையோரக் கடல் உறைகிறது. அதன் வழியே செல்லும் வடகடல் பாதையில் சரக்குக் கப்பல்களுக்கு வழி வெட்டித்தரும் அணுசக்திக் கப்பல்களின் தளம் மூர்மன்ஸ்கில் உள்ளது. நிர்வாகம் ரஷ்ய அரசு அணுசக்திக் கழகமான ரோசாட்டமின் ‘ஆட்டம்ஃப்ளோட்’ நிறுவனத்திடம். 1977 ஆகஸ்ட் 17 அன்று வடதுருவத்தை எட்டிய முதல் மேற்பரப்புக் கப்பலான ‘ஆர்க்டிகா’ இங்கிருந்துதான் கிளம்பியது. உலகின் முதல் அணு பனியுடைப்புக் கப்பலான ‘லெனின்’ 1959இல் பணிக்கு வந்து 1989இல் ஓய்வு பெற்றது. இன்று பயணிகள் துறையருகே அருங்காட்சியகமாக நிற்கிறது.

வாழ்வும் போக்குவரத்தும்

டிசம்பர் தொடக்கம் முதல் ஜனவரி இரண்டாம் வாரம் வரை சூரியன் எழுவதில்லை. மே இறுதி முதல் ஜூலை இறுதி வரை மறைவதில்லை. இக்கடுமையை ஈடுகட்டச் சோவியத் அரசு கூடுதல் ஊதியம் கொடுத்தது. 1989இல் மக்கள்தொகை 4 லட்சத்து 68 ஆயிரத்தைத் தொட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் பலர் தெற்கே குடிபெயர்ந்தனர்.

போர்க்கைதிகள் போட்ட பாதையில் மாஸ்கோவிலிருந்து ‘ஆர்க்டிகா’ என்ற ரயில் வருகிறது. நிலக்கரியும் கோலாவின் அபடைட் கனிமமும் அதே தடத்தில் வந்து கப்பலேறுகின்றன. 1962 முதல் ஓடும் டிராலிபஸ்ஸே உலகில் மிக வடக்கே உள்ள டிராலிபஸ். 2005இல் திறந்த பாலம் விரிகுடாவின் இரு கரைகளையும் இணைக்கிறது. தெற்கே மூர்மாஷியிலுள்ள விமான நிலையத்துக்கு, நகரம் நிறுவப்பட்டபோது அரியணையில் இருந்த இரண்டாம் நிக்கோலாஸின் பெயர் 2019இல் சூட்டப்பட்டது.