பங்களாதேஷின் காலநிலை நிதிச் சட்டம்

உலகை வெப்பமாக்கும் வாயுக்களை வெளியேற்றியதில் பங்களாதேஷின் பங்கு மிகச் சொற்பம். ஆனால் புயலாலும் கடல் மட்ட உயர்வாலும் அதிகம் பாதிக்கப்படும் நாடுகளில் அதுவும் ஒன்று.

அந்நாடு கிழக்கு பாகிஸ்தானாக இருந்த 1970-இல் வீசிய புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் உயிரிழந்தனர். 2007-இல் வீசிய சித்ர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். இடைப்பட்ட காலத்தில் ஏற்படுத்தப்பட்ட முன்னெச்சரிக்கை அமைப்பும், தொண்டர் படையும், புயல் காப்பகங்களுமே இந்த வித்தியாசத்திற்கு முக்கியக் காரணம்.

இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, 2009-இல் காலநிலை மாற்றச் செயல்திட்டம் வெளியானது. அதன் ஆறு பிரிவுகள்:

1. உணவு, சமூகப் பாதுகாப்பு, சுகாதாரம்
2. பேரிடர் மேலாண்மை
3. கரைகள் போன்ற கட்டுமானங்கள்
4. ஆய்வு
5. கரியமில வாயுவைக் குறைத்தல்
6. அரசு நிறுவனங்களின் திறனை வளர்த்தல்

வெளிநாட்டு உதவிக்காகக் காத்திராமல், அரசு தன் சொந்த பட்ஜெட்டிலிருந்தே ஆரம்ப ஆண்டுகளில் தலா 700 கோடி டாக்கா ஒதுக்கியது. இதை நிர்வகிக்க 2010-இல் காலநிலை மாற்ற அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, நிதியில் 66 சதவீதம் வரை திட்டங்களுக்குச் செலவிடலாம். மீதி 34 சதவீதத்தை வங்கியில் வைப்பாக வைத்து, அதில் கிடைக்கும் வட்டியைச் செலவிடலாம்.

ஆனால் பிற்காலத்தில், 500 கோடி டாக்காவுக்கும் அதிகமான வைப்புத்தொகை ஒரு தனியார் வங்கியில் உரிய காலத்தில் திரும்பக் கிடைக்காமல் முடங்கியது. கரையோர மக்களின் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்ட பணம் அது. நிதி ஒதுக்கச் சட்டம் இருப்பது எவ்வளவு அவசியமோ, அந்த நிதிக்குக் கணக்குக் கேட்பதும் அவ்வளவு அவசியம்.