தோல் நகரங்களுக்கு வந்த கடல் கடந்த கானம்

பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை என வரிசையாக அமைந்த ஊர்களின் கீர்த்தி, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தோலின் மூலம் லண்டன் சந்தை வரை பரவிய வரலாற்றை வர்த்தக சரித்திரக்காரர்கள் விரிவாகவே கூறுவர். அவ்வூர் மக்களின் சங்கீத ரஸனை எவ்வழியே விசாலமடைந்தது என்பதோ அத்தனை கவனத்தைப் பெறுவதில்லை. வீட்டில் உருதுவும் கடைவீதியில் தமிழுமாகப் பேசும் குடும்பங்கள் மிகுந்த இப்பிரதேசத்தில், ஹிந்திப் படப் பாட்டு ஒருபோதும் அந்நிய பாஷைப் பாட்டாக இருந்ததில்லை என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

அப்பாட்டு இவ்வூர்களை எட்டிய வழி வானொலி. 1952-ல் மத்திய அரசின் ஒலிபரப்பு மந்திரியாகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதத்தின்பால் அளவற்ற பக்தி கொண்டவர்; சினிமாப் பாட்டு ஜனங்களின் ரஸனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய துணிபு. படத்தின் பெயரைச் சொல்வதே விளம்பரமாகும் என்று வானொலி நிலையத்தார் கருதப் போக, பட முதலாளிகளோடு பிணக்கு முற்றி, அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு அநேகமாக ஓய்ந்துவிட்டது. ஆனால் இரண்டாம் உலக யுத்தத்தின்போது நேச நாட்டுத் துருப்புக்களுக்காக இலங்கையில் நிறுவப்பட்டு, பின்னர் அந்நாட்டு அரசின் வசமான சக்தி மிக்க சிற்றலை ஒலிபரப்பியைக் கொண்டு, 1950-லேயே வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்தது இலங்கை வானொலி. இங்கே அடைக்கப்பட்ட கதவு அங்கே அகலத் திறந்தே இருந்தது.

அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்து கொழும்புக்கு அனுப்பிய 'பினாகா கீத்மாலா' என்னும் ஹிந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சி 1952 டிசம்பரில் ஆரம்பமாயிற்று; தமிழில் எஸ். பி. மயில்வாகனனும், ஆங்கிலத்தில் வெர்னன் கொரியா, ஜிம்மி பருச்சா முதலியோரும் இசைத்தட்டுக்களை அறிமுகம் செய்தனர். மேலும், ஹிந்திப் பாட்டு என்று நாம் கேட்டதற்குள்ளேயே பல தேசங்கள் குடியிருந்தன. ஜாஸ் வாசித்துப் பழகிய கோவா வித்துவான்கள் பம்பாய்ப் படங்களின் வாத்திய கோஷ்டிகளில் இடம் பெற்றமையால், 1951-ல் வெளியான 'அல்பேலா' படத்தில் சி. ராமச்சந்திரா அமைத்தவை போன்ற மெட்டுக்களில் லத்தீன் அமெரிக்கத் தாளங்கள் இயல்பாகக் கலந்து வந்தன. ஹவானாவின் பெயரையே கேட்டறியாத ஒருவரும் அவ்வூர்த் தாளத்துக்குத் தலையசைத்திருக்கலாம்.

இலங்கை வானொலியின் விசேஷம் நேயர் விருப்பம் என்னும் சம்பிரதாயத்தில் இருந்தது. தபால் அட்டையில் பாட்டின் பெயரையும் அதனைக் கேட்க விரும்பும் உற்றார், நண்பர் பெயர்களையும் எழுதி அனுப்பினால், அறிவிப்பாளர் அவற்றை வாசித்துவிட்டு இசைத்தட்டை ஒலிக்கச் செய்வார். தான் கண்டடைந்த ஒரு பாட்டை ஆயிரக்கணக்கான அந்நியர்களோடு பகிர்ந்துகொள்ளும் உரிமை இவ்வாறு சாமானியனுக்குக் கிட்டிற்று. வடக்கே அப்பிரகம் வெட்டி எடுத்துவந்த ஜும்ரி தலையா என்ற சிற்றூர் இவ்வகைக் கடிதங்களாலேயே நாடறிந்த பெயர் பெற்றது. சங்கீத சபைகளோ ராஜ சம்ஸ்தானங்களோ அன்றி, தொழிலால் வாழும் ஊர்களும் ரஸனையின் சரித்திரத்தில் இடம் பெறுவதற்கு அது ஓர் அத்தாட்சி.

1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி, அரசு தானே திரைப்பாட்டுக்கு வழிவிட்டது. கேஸ்கரின் நோக்கம் தாழ்ந்ததன்று; 1954-ல் தொடங்கிய வானொலி சங்கீத சம்மேளனம் அவர் காலத்துக் கொடை. ஆயினும் நல்லதைக் கேட்கும் வாய்ப்பை அளிப்பது வேறு, மற்றதைக் கேளாதிருக்கச் செய்வது வேறு. தோல் மண்டியில் தரம் பிரிப்பவன் உயர்ந்ததும் தாழ்ந்ததுமான பல தோல்களைத் தடவிப் பார்த்தே கை தேர்கிறான். உயர்ந்ததை மாத்திரம் அவன் முன் வைத்தால் தரம் பிரிக்கும் ஞானம் அவனுக்கு ஒருநாளும் வாய்க்காது. செவியின் கல்வியும் அத்தகையதே என்பதை மந்திரி அறிந்திலர். கொழும்பின் வியாபாரிகளோ, அறிந்தோ அறியாமலோ, அதற்கு ஏற்பவே நடந்துகொண்டனர்.