சிரம்பானுக்கு வந்த யாழ்ப்பாணத்து ஆங்கில வாத்தியார்கள்

சிரம்பான் செயின்ட் பால் பள்ளி 1899இல் தொடங்கியது. அத்தகைய ஆங்கிலப் பள்ளிகளில் மலாயா முழுக்க யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் வாத்தியார்களாக இருந்தனர். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய செமினரியும் பின்னர் வந்த பள்ளிகளும் தந்த ஆங்கிலமே அவர்களைக் கப்பலேற்றியது. ஊருக்குப் போய் மணமுடித்து, மனைவியோடு திரும்பிக் குடித்தனம் வைத்தார்கள். வேலை ஓய்வுக்குப் பின் யாழ்ப்பாணம் திரும்பியவர்களுக்கு அங்கே ‘மலாயன் பென்சனியர்’ என்றே பெயர், மரியாதையும் அதற்கேற்ப!

தோட்டத்துப் பிள்ளைகள் இவர்களின் வகுப்பை எட்டியது அரிது. 1923 தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். அந்தத் தமிழ்ப்பள்ளி ஆரம்ப வகுப்புகளோடு முடிந்துவிடும். டவுன் ஆங்கிலப் பள்ளிக்கோ மாதச் சம்பளம் கட்ட வேண்டும். கிராணி வீட்டுப் பிள்ளை அங்கே படிக்கப் போனான். லயத்துப் பிள்ளை பெரும்பாலும் வெளிக்காட்டு வேலைக்குப் போனான்.