தென்பரங்குன்றத்து அசோகக் கிளைகள்

உரோமை மாநகரில் பாந்தியன் என்னும் பழங்கோயில் ஒன்று உளது. அந்நாட்டார் தம் பழந்தேவர்களுக்கென எடுத்த அது, அத்திரியன் என்னும் பேரரசன் காலத்தில், கி. பி. 126-ஐ ஒட்டி, இன்றுள்ள வடிவு பெற்றது. 142 அடி அகலமுள்ள அதன் கவிமாடத்து உச்சி வட்டமாய்த் திறந்து கிடத்தலின், வெயிலும் மழையும் உள்ளே வீழும். 609-இல் போக்காசு மன்னன் இசைய, நான்காம் போனிபாசு என்னும் போப்பாண்டவர் அதனைக் கிறித்தவ தேவாலயம் ஆக்கினார். அந்நகரத்துப் பழங்கோயில்கள் பல கல் பெயர்க்கப்பட்டு அழிந்தொழிய, இஃது முழுவடிவோடு நிற்பதற்கு அம்மாற்றமே பெருங்காரணம் என்ப.

இவ்வரலாற்றைப் படிக்கும் மதுரைச் சைவர்க்குத் தம் ஊர்க் கோயிலொன்று நினைவிற்கு வருதல் வேண்டும். திருப்பரங்குன்றத்து முருகப்பெருமானை வழிபடச் செல்லும் அடியவருள், மலையைச் சுற்றித் தென்புறஞ் செல்வார் சிலரே. அங்கே உமையாண்டார் கோயில் என்னும் குடைவரை உளது. கருவறையில் மாதொருபாகர் இடபத்தின் முன்னர்க் காட்சி தருகின்றார். உற்று நோக்குவார்க்கு அத்திருவுருவின் மேலே அசோக மரக்கிளைகள் புலனாம். அம்மரம் அருகனுக்கு உரியது. சமணர் கோயிலாயிருந்த அக்குடைவரை, 13ஆம் நூற்றாண்டில், சுந்தரபாண்டியன் நாளில், பிரசன்னதேவர் என்னும் சைவப் பெரியாரின் தொடர்பால் சிவன் கோயிலாயிற்று. தீர்த்தங்கரர் உருவைச் செதுக்கி நீக்கிய சிற்பி, கிளைகளை விட்டுவிட்டான்.

மாற்றப்பெற்றமையால் அன்றோ பாந்தியனைப் போல இதுவும் பிழைத்தது எனின், அற்றன்று. கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் ஆனைமலையிலும் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வட்டெழுத்துச் சாசனங்களோடு இன்றும் உள்ளன. சமணர் அருகிய பின்னரும் அவை பல நூற்றாண்டு நிலைபெற்றன. காத்தற்பொருட்டு மாற்றியே தீரவேண்டும் என்னும் நியதி இல்லை.

திருக்கோணமலைக் கோயிலைப் போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் அழித்ததையும், புதுச்சேரி வேதபுரீசர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் 1748-இல் இடித்ததையும் நினைந்து நாம் நெஞ்சு வருந்துகின்றோம். வருந்துதல் தக்கதே. ஆயின் அவ்வருத்தம் நமக்கு மட்டுமே உரியதன்று. அருகனை வழிபட்டார்க்கும் அஃது உண்டு. தன் நோவை அளவாகக் கொண்டு பிறர் நோவை அறிதலே அறிவின் பயனாம்.

நம் சாத்திரமும் இதற்கு மாறன்று. அதே 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய அருணந்தி சிவாசாரியார், பரபக்கத்தில் சமணக் கொள்கையை எடுத்து மறுத்தவர். எனினும், எத்தெய்வத்தை ஒருவர் வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்று அருள்பவன் சிவபெருமானே என்றும் சிவஞானசித்தியாரில் தெளிவித்தார். கொள்கையை மறுத்தற்குச் சொல் போதும், உளி வேண்டுவதின்று.

ஆதலின், தென்பரங்குன்றஞ் செல்லும் அன்பர்கள் அம்மையப்பரைக் கைதொழுதபின், அக்கிளைகளையும் ஒருமுறை நிமிர்ந்து நோக்குவாராக.

சிவம்.