வியாகுலமும் சமாதானமும்: மதுரை வட்டாரக் கிறித்தவரின் ஆறுதல் மரபு

1. சொல்லும் பொருளும்

மதுரை கீழவெளி வீதியில் இரட்டைக் கோபுரங்களோடு நிற்கும் கத்தோலிக்கப் பேராலயத்தின் பெயர் வியாகுல அன்னை ஆலயம். 1938இல் மறைமாவட்டமாகி, 1953இல் உயர்மறைமாவட்டமான மதுரைக்கு இதுவே தலைமைக் கோயில். வியாகுலம் என்றால் கலக்கம். மனம் நிலைகொள்ளாமல் தவிக்கும் துயரம். அமைதி தேடி வருகிறவர்கள் கலக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இந்தக் கோயிலுக்குள் நுழைகிறார்கள். துன்ப காலத்தில் இவ்வட்டாரத்துக் கிறித்தவர்கள் எதை ஆறுதல் என்று கண்டார்கள் என்ற கேள்விக்கு இந்தப் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது.

மீதி விடை இன்னொரு சொல்லில் இருக்கிறது. சீர்திருத்த சபையாரின் பழைய திருப்புதலில் இயேசு தம் சீடருக்கு விட்டுச்செல்வது ‘சமாதானம்’. 1995இல் வந்த திருவிவிலியத்தில் அதுவே ‘அமைதி’. தூய தமிழ் என்ற வகையில் பின்னதற்கு நியாயம் உண்டு. ஆனால் பேச்சுவழக்கைக் கவனியுங்கள். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிறோம். பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பியைச் சமாதானம் பேசிச் சேர்த்து வைக்கிறோம். அமைதியாக ஒருவர் தனியே இருந்துவிடலாம். சமாதானத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும். எபிரேயரின் ‘ஷாலோம்’ என்ற சொல்லிலும் உள்ளத்து நிம்மதியோடு உறவின் நலம் சேர்ந்தே இருக்கிறது. மதுரை வட்டாரத்து அனுபவத்துக்குப் பழைய சொல்லே பொருந்துகிறது என்பது என் துணிபு.

2. அழுகைக்கு ஓர் இடம்

ஒரு நண்பகல், பேராலயத்துக்குள் ஏழெட்டுப் பேருக்கு மேல் இல்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். கையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் திணித்த பிளாஸ்டிக் உறை, நெற்றியில் திருநீறு. மாதா சுரூபத்தின் காலடியில் அந்த உறையை வைத்தார். செபம் எதுவும் சொல்லவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். கால்மணி நேரம் கழித்து உறையை எடுத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்தபடி வெயிலுக்குள் இறங்கிப் போனார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஏன் அழுகிறாய் என்று கேட்கவும் இல்லை.

வியாகுல அன்னையை நெஞ்சில் வாள் பாய்ந்தவளாகச் சித்திரிப்பது மரபு. குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுபோன நாளில் சிமியோன் சொன்ன வாக்கு அது. அதிலிருந்து மகனை அடக்கம் செய்வது வரை ஏழு வியாகுலங்களை எண்ணுவார்கள். செப்டம்பர் 15 அவளுக்குத் திருநாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இங்கே வணக்கத்துக்குரியவள். ஆகவே அவள்முன் அழுவது விசுவாசக் குறைவாகாது.

தவக்காலத்தில் கத்தோலிக்க ஊர்களில் வாசிக்கப்படும் ‘வியாகுலப் பிரசங்கம்’ இதே மரபைச் சேர்ந்தது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் அங்கேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இந்த உரைநடையை இழுத்து, விம்மி, ஒப்பாரியின் சாயலில் வாசிப்பார்கள். சாவு வீட்டில் நம் பெண்கள் காலங்காலமாகச் செய்துவருவதைத் திருச்சபை பெரிய வெள்ளியன்று பீடத்தருகே கொண்டுவந்து வைத்தது. அடக்கிவைத்த துக்கம் அழுகிவிடும், வாய்விட்டு அழுதால்தான் ஆறும் என்பது இந்த மண்ணுக்குத் தெரிந்ததுதான். தன் வீட்டுத் துக்கத்தையும் அந்தப் பெருந்துக்கத்தோடு சேர்த்து அழும் வாய்ப்பு அங்கே கிடைத்தது.

3. சிறை

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, முதுமையில் இங்கே சிறையிருந்தார். பார்வை மங்கி, 1656இல் மயிலாப்பூரில் இறந்தார். அவர் வழிவந்த ஜான் தெ பிரித்தோவைத் தமிழர் அருளானந்தர் என்கிறார்கள். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டு வதைபட்டார்; விடுதலையாகி ஐரோப்பா சென்றவர் 1690இல் மீண்டும் வந்தார். மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெறுவதற்காக ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி, மறவர் நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுக்காரி. அவள் முறையீடு அருளானந்தரின் உயிரைக் கொண்டுபோனது. புனிதர் வரலாறுகள் அவளைப் பகையாளி என்று எழுதிக் கடந்துவிடுகின்றன. வாழ்விழந்து நின்ற அவள் வியாகுலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. முந்தின நாள் சிறையிலிருந்து சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மைக்குக் கரியை நீரில் குழைத்துக்கொண்டார் என்பது வழிவழிச் செய்தி. சாவு உறுதியான வேளையில் ஒருவர் தேடிக்கொண்டது பேனாவும் மையும். அதாவது மற்றவரோடு பேசும் வழி. பவுல் பிலிப்பியருக்குச் சமாதானத்தைப் பற்றி எழுதியதும் சிறையிலிருந்துதான். இன்றும் ஓரியூருக்குப் போகிற கிறித்தவரும் இந்துக்களும் அங்குள்ள செம்மணலை முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள்.

4. பஞ்சமும் உலையும்

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது பரவலான மதிப்பீடு. அந்த நாட்களில் சபைக்கு வந்தவர்களைச் சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்று ஏசினார்கள், இன்றும் ஏசுகிறார்கள். பசி காரணமே இல்லை என்று மறுப்பது நேர்மையாகாது. ஆனால் பசித்தவன் கஞ்சியை மட்டும் தேடவில்லை. தீட்டு பாராமல் தன்னைத் தொட்டு ஊற்றுகிற கையையும் தேடினான். அதைச் சிறுமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

வந்த இடத்திலும் சாதி காத்திருந்தது. தனி இருக்கை, தனிக் கல்லறை என்று அது சபைக்குள்ளேயே குடிபுகுந்தது. இந்த நிலையில் ‘சமாதானமாயிரு’ என்பது வாயை மூடு என்பதற்கு மறுபெயராகிவிடும். இதை உரக்கச் சொன்னவர் பறட்டை என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், கிராமத்து மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ‘ஒரே உலை’ என்பது அவர் முன்வைத்த கருத்து. பலர் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுச் சமைத்து, எல்லாரும் அதையே உண்பது. தென்மாவட்டச் சபைகளில் நடக்கும் அசனம் என்ற பொது விருந்தில் அதன் சாயல் உண்டு.

5. கைமாறுவது

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் உருவானது. 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் சபைகளும் அதில் சேர்ந்தன. மதுரை–இராமநாதபுரப் பேராயராக லெஸ்லி நியூபிகின் பொறுப்பேற்றார். 1950இல் வெளியான திருவிருந்து ஆராதனை முறையில் கேரளத்துச் சிரியன் சபையின் வழக்கம் ஒன்று இடம்பெற்றது: சமாதானம் கொடுத்தல். கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார். இருவரும் இடக்கையால் மற்றவர் கையை மூடிக்கொள்கிறார்கள். பீடத்தில் தொடங்கும் அது வரிசை வரிசையாகக் கடைசி ஆள்வரை போகும். தொட்டால் தீட்டு என்றிருந்த ஊரில் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்வது சின்ன விஷயம் அல்ல.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆலயங்களும் மூடப்பட்டன. அவ்வாண்டு பெரிய வெள்ளியும் உயிர்த்தெழுதலும் வீட்டுத் திரையில் நடந்தன. அடக்கத்துக்கு ஆள் எண்ணிப் போனார்கள். சமாதானம் கைகூப்புதலாகச் சுருங்கியது. திறந்த பிறகும் சில மாதங்கள் அப்படியே.

மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சபையில், பழைய முறை திரும்பிய ஞாயிறு ஒன்றில் இருந்தேன். கொரோனாவில் கணவரை இழந்த பாட்டி ஒருவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முன்வரிசைப் பையன் திரும்பிக் கைநீட்டினான். அவர் உடனே கொடுக்கவில்லை. முந்தானையில் உள்ளங்கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தார், நெடுநேரம் விடவில்லை. பையனும் இழுக்கவில்லை. பின்வரிசை முழுக்கக் காத்திருந்தது.